நல்ல பண்டம் என்று ஒன்று உண்டா?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா வரும் பிற்பகலில், மயிலாப்பூர் மாட வீதிகளில் யாரும் பசியோடு நடக்க முடியாது. பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம், தர்பூசணித் துண்டு, சுண்டல், புளியோதரை என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்கு அருள், இதில் நஷ்டப்படுகிறவர் ஒருவரும் இல்லை என்பது அன்றைய ஊர்க் கணக்கு. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். வெல்லப் பானகமும் வாழைப்பழமும் இளநீரும் மருத்துவர் அவர்களுக்கு விலக்கிய பண்டங்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற அவர்களுடைய சிறுநீரகத்தால் ஆகாது; இரத்தத்தில் அது தேங்கினால் இதயம் நின்றுபோகலாம். அப்படிப்பட்ட ஒருவர் "வேண்டாம்" என்று கையை மடக்கிக்கொள்கிறார். "பிரசாதம் ஒண்ணும் பண்ணாது, சாப்பிடுங்கோ" என்கிறார் கொடுப்பவர். மருத்துவரைக் கேட்டால் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆனால் மறுத்தவரின் மனத்தில் உறுத்துவது வேறு: கடவுள் கொடுத்ததை நாம் தள்ளிவிட்டோமா? இந்த உறுத்தலுக்கு அடியில் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. தூய்மையும் நன்மையும் பண்டத்துக்குள்ளேயே குடியிருக்கின்றனவா, அல்லது உண்ணும் உடலோடும் அளவோடும் சேரும்போதுதான் உண்டாகின்றனவா? இரண்டாவதுதான் சரி என்பது என் வாதம். நம் சமய நூல்களும், நிதானமாகப் படித்தால், அந்தப் பக்கமே நிற்கின்றன.

முதலில் குற்றம் சாட்டப்பட்ட பொருளைப் பார்க்கலாம். பொட்டாசியம் இல்லாமல் ஒரு நாடித்துடிப்புகூட இல்லை. உடலிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. இரத்தத்திலும் பிற திரவங்களிலும் இருப்பது மீதி 2 சதவீதம்தான். ஆய்வக அறிக்கையில் 3.5 முதல் 5 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பது இந்த வெளிப்பங்கின் அளவு. உயிரணுவுக்குள் அதே அலகில் கிட்டத்தட்ட 140. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வினால்தான் நரம்பும் தசையும் இயங்குகின்றன. வெளி அளவு 6, 6.5 என்று ஏறும்போது அது குலைகிறது. ஈ.சி.ஜி.யில் டி அலை கூர்ந்து உயர்கிறது; துடிப்பு தாளம் தப்புகிறது; சிலருக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுவிடுகிறது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டுப் பார்த்தபோதே இந்த விகிதக் கணக்கு தெரியவந்தது. கால்சியமும் பொட்டாசியமும் தக்கபடி கலந்திருந்தால் இதயம் நெடுநேரம் துடித்தது. பொட்டாசியம் மிகுந்தபோது தளர்ந்து நின்றது. இன்று இதய அறுவை மருத்துவர்கள் இதயத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் பொட்டாசியம் மிகுந்த கரைசலையே செலுத்துகிறார்கள். வேலை முடிந்து அது கழுவிப்போனதும் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. உயிரணுவுக்குள் இருந்தால் உயிர், வெளியே மிகுந்தால் மரணம், அறுவை மேசையில் அளந்து கொடுத்தால் சிகிச்சை. இந்த உப்பை நல்லது, கெட்டது என்ற இரண்டு பெட்டிகளில் எதில் போடுவது?

காரணங்களைத் தேடிப் போனாலும் ஒற்றைக் குற்றவாளி அகப்படுவதில்லை. பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர் இரண்டு வாழைப்பழம் கூடுதலாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும். பிறகு சிறுநீரகம் அதை நிதானமாக வெளியேற்றும். உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுநீர் வழியாகத்தான் போகிறது. ஆகவே பெரும்பாலும் மூல காரணம் தளர்ந்துபோன சிறுநீரகம். அதைத் தளரவைத்தது பல ஆண்டுச் சர்க்கரை நோயாகவோ இரத்த அழுத்தமாகவோ இருக்கும். அதன் மேல் மருந்துகள் சேர்கின்றன: இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் கொடுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள், இதயத் தளர்ச்சிக்கான ஸ்பைரனோலாக்டோன், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் வலிமாத்திரை. நசுங்கிய தசை, தீக்காயம், இன்சுலின் பற்றாக்குறை, மலச்சிக்கல் என்று பட்டியல் நீளும். சில சமயம் உடலில் கோளாறே இருக்காது. இரத்தம் எடுக்கும்போது பட்டையை இறுகக் கட்டி, விரல்களை மூடி மூடித் திறக்கவைத்து, சிவப்பணுக்கள் உடையும்படி இழுத்தால், சோதனைக் குழாயில் மட்டும் பொட்டாசியம் ஏறிக் காட்டும். மறுபடி ஒழுங்காக எடுத்துப் பார்த்தால் இயல்பாக இருக்கும்.

நல்ல மருந்தே தீமை செய்த கதையும் இதில் உண்டு. கடுமையான இதயத் தளர்ச்சி உள்ளவர்களில் ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைத்தது என்று 1999இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உடனே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த மருந்தை எழுதிக்கொடுப்பது பெருகியது. அங்கே பொட்டாசிய மிகையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 1994இல் ஆயிரம் நோயாளிகளுக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். ஆய்வு பொய் சொல்லவில்லை. ஆய்வில் ஆள் பார்த்து, அளந்து, இரத்தம் சோதித்துக் கொடுத்ததை வெளியே பெயர் பார்த்துக் கொடுத்தார்கள். பண்டத்தின் பெயரை நம்பி உடலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பெயர் பார்த்து நம்பும் அதே பழக்கம் நம் பூஜையறையில் இன்னும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சாத்விகம் என்று நாம் கொண்டாடுகிறவற்றை எடுத்து வைத்தால் வாழைப்பழம், இளநீர், பேரீச்சை, உலர்திராட்சை, வெல்லம், பால், பயறு என்று வரும். 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 360 மில்லிகிராம் பொட்டாசியம். நல்ல பருத்த இளநீர் ஒன்றில் அரை கிராமுக்கு மேல் இருக்கலாம். முற்றிய சிறுநீரக நோயாளிக்கு நாள் முழுவதற்குமே 2 முதல் 3 கிராம் என்றுதான் வழக்கமாக வரம்பு சொல்வார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழத்தின் மேல் கட்டிய பண்டம். மாறாக, சத்தில்லாத சக்கை என்று இயற்கை உணவுக்காரர்கள் ஒதுக்கும் தீட்டிய வெள்ளை அரிசி இந்த நோயாளிக்கு நண்பன். அப்படியானால் சாத்விகம் என்பதே பொய்யா? அந்தப் பிரிவினைக்கு மூலமான கீதையின் பதினேழாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு பழத்தின் பெயரும் இல்லை, ஒரு காய்கறியின் பெயரும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட அந்தச் சுலோகங்களில் இல்லை. ஆயுளையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் சுகத்தையும் பெருக்குவது சாத்விகருக்குப் பிரியமான உணவு. துன்பத்தையும் நோயையும் தருவது ராஜசருக்குப் பிரியமானது என்கிறது அது. சுவையும் பதமும் சொல்லப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றை எடைபோடும் தராசு விளைவுதான். இந்தத் தராசில் வைத்தால், டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீர் சாத்விகப் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடுகிறது. அதைத் தள்ளுகிறவர் சாத்திரத்தை மீறவில்லை. அதன் சொற்படி நடக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எதுவும் உண்ணாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் தூயது என்று ஒருவர் சொல்லக்கூடும். ஏகாதசி, சஷ்டி, சிவராத்திரி என்று விரதத்துக்கு நம்மிடம் நாளுக்கா பஞ்சம்? இங்கும் பொட்டாசியம் நம் பட்டியலைக் கலைத்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தப் பொட்டாசியம் ஏறுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். உணவு இல்லாதபோது இன்சுலின் சுரப்பு குறைகிறது. பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ள ஆள் இல்லாமல் அது வெளியே தேங்குகிறது. ஆக, வாயில் ஒரு பருக்கை போடாமலே அளவு உயரும். இதில் பழமும் இளநீரும் மட்டும் உண்டு விரதம் காக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பு. உண்பதும் தன்னளவில் புனிதமில்லை, உண்ணாமையும் தன்னளவில் புனிதமில்லை. துறப்பதெல்லாம் தூய்மை என்று நம்புகிறவருக்கு இது கசப்பான செய்தி. ஆனால் கடும் பட்டினியையும் மிகை உணவையும் ஒருசேர விலக்கச் சொல்வது இந்நாட்டு யோக மரபுக்குப் புதிதல்ல.

இனி பக்தர் தரப்பின் வலுவான மறுப்பு. பிரசாதம் உணவே அல்ல, அது அருள். அதில் மில்லிகிராம் கணக்குப் பார்ப்பது நம்பிக்கையின்மை. நஞ்சு கலந்த பாற்சோற்றை உண்டும் அப்பருக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஆலகாலத்தையே உண்டவன் அல்லவா கபாலீசுவரர் என்று கேட்பார்கள். இந்தக் கதைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவற்றை முழுதாகப் படிக்க வேண்டும். அப்பர் நஞ்சைத் தேடிப் போய்த் தன் பக்தியைச் சோதித்துப் பார்க்கவில்லை. பிறர் வஞ்சனையால் அது அவரிடம் வந்தது. தானாகத் தேடி உண்டிருந்தால் அது பக்தி ஆகியிருக்காது, கடவுளுக்கு வைத்த பரீட்சை ஆகியிருக்கும். ஆலகாலக் கதையிலும் நஞ்சு கண்டத்தோடு நின்றது, உள்ளே இறங்கவில்லை. இறைவனுக்கே எல்லை குறித்த கதை அது. பிரசாத வழக்கமும் அளவு மறந்ததல்ல. தீர்த்தம் ஓர் உத்தரணி, துளசி ஓர் இதழ், விபூதி ஒரு சிட்டிகை. இதில் யாரும் குறைந்த அருள் பெற்றதாக நினைப்பதில்லை. அருள் எடையில் ஏறுவதில்லை என்றால், பஞ்சாமிர்தத்தை விரல் நுனியில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவருக்கும் கிண்ணம் நிறையச் சாப்பிட்டவருக்கும் கிடைத்தது ஒன்றே. எடையில் ஏறும் என்றால் அது உணவு. உணவுக்குரிய விதி அதற்கும் உண்டு. இரண்டில் எதைச் சொன்னாலும் நோயாளியை வற்புறுத்த இடமில்லை.

இன்னும் நெருங்கிய சான்று மயிலாப்பூரிலேயே இருக்கிறது. அறுபத்து மூவரில் இந்த ஊர்க்காரர் வாயிலார் நாயனார். பெரிய புராணம் சொல்லும் அவர் வழிபாட்டில் கையால் கட்டிய கோயில் இல்லை, எண்ணெய் விளக்கில்லை, படையலும் இல்லை. இறைவனை மறவாமையே அவர் கட்டிய கோயில், தன்னை உணரும் அறிவே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே நைவேத்தியம். வாய் திறவாமல் உள்ளத்துக்குள்ளேயே பூசை செய்து முடித்தவரைச் சேக்கிழார் இரண்டாம் தர அடியாராக எண்ணவில்லை. மற்ற அறுபத்திருவரோடு சமமாக வரிசையில் நிறுத்துகிறார். பண்டம் இல்லாத படையல் முழுமையான படையல் என்றால், பண்டத்தை உண்ணாத வழிபாடும் முழுமையான வழிபாடுதான்.

அடுத்த மறுப்பு தத்துவக்காரர்களிடமிருந்து வரும். நன்மை பண்டத்தில் இல்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்றால், அறமே ஆளுக்கு ஆள் மாறுகிற காரியம் ஆகிவிடாதா? ஆகாது. பட்டியலைவிட அளவு கண்டிப்பானது. பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு யோசிக்காமல் வாழலாம். அளவுக்கு ஒவ்வொரு முறையும் விழிப்பு வேண்டும். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அந்தப் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர் இல்லை, ஒரு பத்தியப் பட்டியல் இல்லை. மிகுதலும் குறைதலும் நோய், முன் உண்டது செரித்ததா, உடலோடு மாறுபடுகிறதா, நோயாளியின் நிலை என்ன, நோயின் அளவு என்ன, காலம் எது என்ற கேள்விகள்தான் இருக்கின்றன. பண்டத்தின் பெயரைச் சொல்லாமல் மருத்துவம் பேசத் துணிந்த வள்ளுவரை நெறியற்றவர் என்று யார் சொல்வார்கள்? சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்ப்பது நல்ல குடித்தனக்காரியின் சிக்கனம், சத்தும் வீணாகாது. சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் அதே காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் பொட்டாசியம் குறையும். வேலை தலைகீழாகிவிட்டது, உண்பவரைப் பேணுவது என்ற அறம் மாறவில்லை.

பொது நன்மைக்கும் இந்த விதி பொருந்தும். தி. நகர் பல்பொருள் அங்காடிகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. வட சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இரத்த அழுத்தம் பெருகிவரும் நகரத்துக்கு இது பெரிய வரம். அதே பாக்கெட் அடுத்த வீட்டுச் சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து. பலருக்கு நல்லது என்ற காரணத்தால் சிலரை மறப்பதும் தவறு. சிலருக்குக் கெட்டது என்று பலருக்கு மறுப்பதும் தவறு. யாருக்கு என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு தவறும் விலகும்.

இந்த வாதம் மருத்துவர்களையும் விட்டுவைக்காது. டயாலிசிஸ் மையங்களில் கையில் கொடுத்தனுப்பும் விலக்குப் பட்டியல் நாளடைவில் இன்னோர் ஆசாரமாக இறுகிவிட்டது. கீரை தீட்டு, தக்காளி தீட்டு, பழம் என்ற பேச்சே தீட்டு. சிறுநீரக மருத்துவத்தில் அண்மைக் காலமாகக் கேள்வி எழுந்திருக்கிறது: காய்கனியிலுள்ள பொட்டாசியம் முழுதும் உடலில் சேர்வதில்லை, அவற்றின் நார் மலச்சிக்கலைத் தடுத்து, மிச்சத்தை வெளியேற்றவும் உதவுகிறது. பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பொட்டாசிய உப்புகளோ கிட்டத்தட்ட முழுதும் உறிஞ்சப்படுகின்றன, ஆனால் பட்டியலில் அவை கண்ணில் படுவதில்லை. இதற்கு அர்த்தம் நோயாளி தானே முடிவெடுத்து இளநீரை வெட்டச் சொல்லலாம் என்பதல்ல. அவரவர் இரத்த அளவைப் பார்த்து, அவரவர் மருந்தைப் பார்த்து, மருத்துவரும் உணவு ஆலோசகரும் அவருக்கென்று அளவு வகுக்க வேண்டும் என்பதே. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டாலும் பட்டியல் பட்டியல்தான்.

நூல்கள் இவ்வளவு இடம் கொடுத்தும் மக்கள் ஏன் தயங்குகிறார்கள்? விலக்கு இல்லாமல் இல்லை. நோயுற்றவருக்கும் முதியவருக்கும் விரதம் கட்டாயமில்லை என்று தர்மசாத்திர மரபு சொல்கிறது. திருவல்லிக்கேணியில் ரமலான் நோன்பு பிடிக்கும் இஸ்லாமியருக்கு, நோயாளி நோன்பை விடலாம் என்று குர்ஆனே அனுமதி தருகிறது. சாந்தோமின் கத்தோலிக்கருக்கும் நோயாளிக்கு உபவாசக் கடமை இல்லை. எல்லாச் சமயமும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதன் வழியே போக வெட்கப்படுகிறவர் நோயாளி. திவசத்தன்று வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் இலையில் விழும்போது, தகப்பனாருக்குச் செய்யும் காரியத்தில் குறை வைத்துவிட்டோமோ என்று கர்த்தா கலங்குகிறார். விதி கடவுளுடையது, விலக்கு நம் பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை என்று மனம் பிரித்துவிடுகிறது. விதியை எழுதிய அதே கைதான் விலக்கையும் எழுதியது. விரதம் இருப்பவர் ஒரு விதியை அனுஷ்டிக்கிறார் என்றால், நோயால் விரதம் விடுகிறவரும் ஒரு விதியைத்தான் அனுஷ்டிக்கிறார்.

ஆனால் இந்தத் தெளிவை நோயாளி ஒருவரே சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை. உணவைப் பேசிய அதே பதினேழாம் அத்தியாயம் சில சுலோகங்கள் தள்ளித் தானத்தையும் பேசுகிறது. இடம், காலம், பெறுகிறவர் மூன்றும் பார்த்துக் கொடுப்பதுதான் சாத்விகத் தானம் என்கிறது. நம் அன்னதானங்களில் இடம் சரியாக இருக்கிறது, காலம் பஞ்சாங்கப்படி சரியாக இருக்கிறது, மூன்றாவதைத்தான் பார்ப்பதில்லை. "உங்களுக்கு இது ஒத்துக்குமா?" என்று கேட்பதும், வேண்டாம் என்றவரிடம் காரணம் விசாரிக்காமல் ஒரு பூவையோ விபூதியையோ கொடுத்தனுப்புவதும் தானத்தைக் குறைக்காது, சாத்திரம் கேட்ட மூன்றாவது அங்கத்தை நிறைவு செய்யும். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் பெருகிவிட்ட ஊரில், மறுக்கிற உரிமையை மரியாதையோடு கொடுப்பதும் அன்னதானத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.